உட்கார ஓர் ஆள்

உயர்தரத்தில் சித்திரப் பாடத்தை எடுத்தபோது நாங்கள் நான்கு பேர் இருந்தோம். முதல் வாரத்திலேயே ஒருத்தி நாடகப் பாடத்துக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் இன்னொருத்தி இந்து நாகரிகத்துக்கு மாறினாள். எங்களுக்குப் படிப்பித்த சித்திர டீச்சருக்குத் தன் ஊர்ப் பக்கமே இடமாற்றம் கிடைத்ததும் மூன்றாமவளும் கிளம்பிவிட்டாள். போகும்போது தன்னுடைய இரண்டு தூரிகைகளையும் என் மேசையில் வைத்து, "இனிமே எனக்கெதுக்குடி இது, நீயே வச்சுக்க" என்றாள். அன்றிலிருந்து பொகவந்தலாவையில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்பு என்றால் அது நான் மட்டும்தான்.

அதிபர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு பிள்ளைக்காக டைம்டேபிள் போட ஏலாதும்மா. டீச்சரும் இல்ல. பேசாம நீயும் பொலிட்டிக்ஸுக்கு மாறிக்க. இப்பவே மாறுனா விட்டுப்போன நோட்ஸையெல்லாம் எழுதிக்கலாம்."

"நானா படிச்சுக்கிறேன் சேர்."

"சரித்திரமா இருந்தா நீயா படிச்சுக்கலாம். சித்திரத்த எப்பிடிம்மா படிப்ப?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சாதாரண தரத்தில் எனக்கு 'ஏ' கிடைத்த ஒரே பாடம் அது. மற்றப் பாடங்களை யாரோ எழுதியதைப் பார்த்துத் திரும்ப எழுதினேன். சித்திரத்தில் மட்டும்தான் ஒரு பொருளை நானே பார்த்தேன். இதை அன்று அதிபரிடம் சொல்லும் அளவுக்கு எனக்கு வாய் இல்லை. அவர், "சரி, உன் இஷ்டம். பெறகு என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார்.

மனையியல் அறைக்குப் பின்னால் பலகைத் தடுப்பு போட்ட பாதி அறை ஒன்று எனக்குக் கிடைத்தது. கால் உடைந்த டெஸ்க்குகள், தோல் கிழிந்த ஒரு பேண்ட் மேளம், விளையாட்டுப் போட்டிக்குச் செய்த பழைய அட்டைக் கிரீடங்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தன. ஒரே ஒரு ஜன்னல். வெளியே தேயிலை, அதற்குக் கீழே பஸ் போகிற பாதை. வாரத்தில் எட்டுப் பாடவேளைகள் அங்கே இருந்தேன். தகரக் கூரையில் மழை விழும்போது மற்ற வகுப்புகளில் டீச்சர்மார் பாடத்தை நிறுத்திவிடுவார்கள், பிள்ளைகள் சத்தம் போடும். என் அறையில் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"நீ ஒத்தையா அங்க என்னதான்டி பண்ணுவ?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். "வரைவேன்" என்பேன். பதினைந்து நாள் கேட்டார்கள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அரசியல் பாடம் எடுக்கிற சேரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க எவ்வளவோ இருந்தது. இடைவேளையில் நானும் அவர்களோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன், அவர்கள் சிரித்தபோது சிரித்தேன். என்ன விஷயம் என்றுதான் தெரியாது.

போன டீச்சர் ஒரு குறிப்புக் கொப்பியை விட்டுப் போயிருந்தார். பாதிக்கு மேல் வெறும் பக்கங்கள். ஒட்டியிருந்த படங்கள் எல்லாம் போட்டோ கொப்பி. 'சீகிரிய ஓவியங்களின் வர்ணப் பயன்பாட்டை விளக்குக' என்று ஒரு கேள்வி இருந்தது. என்னிடம் இருந்த சீகிரியப் பெண்களோ கரிக்கட்டியால் தேய்த்த மாதிரி இருந்தார்கள். அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு எங்கள் லய வீட்டு வரிசைக்கு மேலே பாதை வளைகிற இடத்துக்குப் போவேன். அங்கேதான் சிக்னல் கொஞ்சம் நிலையாக நிற்கும். படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்லத் திறக்கும். முதலில் நெற்றி, பிறகு கண்கள், பிறகு கையில் பிடித்த பூ. காவி, மஞ்சள், பச்சை என்று கொப்பியில் எழுதிக்கொள்வேன். திரும்பி வந்து பார்த்தால் காலில் இரண்டு அட்டையாவது ஒட்டியிருக்கும்.

நிறப்பாடம் அப்படி. பொருட்களைப் பார்த்து வரைவது வேறு கதை. பல பொருட்களைச் சேர்த்து அடுக்கி, பின்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அதைப் பல நாள் பார்த்து வரையவேண்டும். எங்கள் வீட்டில் எதையும் பல நாள் அடுக்கி வைக்க முடியாது. ஒருமுறை கேத்தல், செம்பு, இரண்டு கத்தரிக்காய், அம்மாவின் பச்சைச் சேலை எல்லாவற்றையும் பெட்டியின் மேல் அடுக்கினேன். முதல் நாள் கேத்தல் போனது, தேத்தண்ணி போட. இரண்டாம் நாள் சேலை போனது, பக்கத்து லயத்தில் சடங்கு. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கத்தரிக்காய் குழம்பில் கிடந்தது.

"அம்மா, அது பரீட்சைக்கு வச்சது."

"பரீட்சைக்குன்னு கத்தரிக்கா அழுகாம இருக்குமா? சாப்புடு."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று, அந்தந்த நாள் எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்று கேட்டுக்கொண்டு போகிறவர். பொழுது சாய்ந்து வரும்போது கை விரல்கள் கறுத்திருக்கும். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். படம் வரைவதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது என்பதே அம்மாவுக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் ஒரு தடவைகூட அதை விட்டுவிடு என்று சொன்னதில்லை.

கத்தரிக்காயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்து வரையலாம். மனிதரை எங்கே கொண்டுபோய் வைப்பது? மனித உருவத்தை நேரில் பார்த்து வரைந்து பழகவேண்டும் என்று கொப்பியில் இருந்தது. வகுப்பில் நான்கு பேர் இருந்திருந்தால் ஒருவர் மாறி ஒருவர் உட்கார்ந்திருப்போம். அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். "இந்தா உக்காந்துட்டேன், வரை" என்று சுவரில் சாய்வார். நான் தலையை வரைந்து முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். கழுத்து ஒரு பக்கம் சாயும், பிறகு தோள், பிறகு ஆளே பாயில் கிடப்பார். என் கொப்பி முழுக்கத் தூங்குகிற பெண்கள்தான். உட்கார்ந்திருக்கிற ஒருவரை ஒழுங்காக வரைய எனக்கு ஒன்றரை வருடம் ஆகியும் வரவில்லை.

அப்போதுதான் அந்த டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டில் சில வருடம் வேலை செய்தே ஆகவேண்டும் என்று அனுப்பப்பட்டவர். ஆறாம் ஏழாம் ஆண்டுகளுக்கு விஞ்ஞானம் எடுத்தார். எனக்கும் அவருக்கும் ஒரு பாடமும் இல்லை. ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டு, செருப்புக்குள் காலுறையும் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கும். ஒரு நாள் போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி என் அறை வாசலில் நின்றார்.

"பிள்ளை, இந்த யன்னலடியில ஒரு அஞ்சு நிமிசம் நிண்டு கதைக்கலாமோ? இஞ்ச மட்டுந்தான் சிக்னல் கிடக்கு."

"கதைங்க டீச்சர்."

வீடியோவில் அவருடைய அக்கா வந்தார். அக்காவின் மடியில் இரண்டரை வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் குழந்தை. அது டீச்சருடைய மகள். கணவர் வெளிநாட்டில். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு இங்கே வந்து ஆசிரியர் விடுதியில் தங்கியிருந்தார். இதெல்லாம் அவர் என்னிடம் சொன்னதில்லை. பாதி அறைக்குள் நடக்கிற பேச்சு காதில் விழாமல் இருக்காது.

பேசி முடித்துவிட்டுத் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த என் படங்களைப் பார்த்தார்.

"நீர் ஒருத்தியோ இந்தப் பாடம் படிக்கிறது?"

"ஆமா டீச்சர்."

"தனிய இருக்கப் பயமில்லையே?"

"பழகிருச்சு டீச்சர்."

"எனக்கு இன்னும் பழகேல்ல" என்றார்.

அதன்பிறகு செவ்வாயும் வியாழனும் அவருடைய ஓய்வு வேளையில் வருவார். நான் என் பாட்டில் வரைவேன், அவர் ஜன்னலோரம் பேசுவார். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ துணிந்து கேட்டுவிட்டேன்.

"டீச்சர், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கவா? கதைச்சு முடிச்சதும் ஒரு பத்து நிமிஷம் அப்பிடியே உக்காந்திருப்பீங்களா? சோதனைக்கு ஆள் வரையணும். எனக்கு உக்கார ஆளில்ல."

"என்னையோ கீறப் போறீர்?" என்று சிரித்தார். அவர் ஊரில் படம் வரைவதைக் கீறுவது என்பார்கள். எங்களுக்குக் கீறுவது என்றால் முள் கீறுவது, கத்தி கீறுவது. அதைச் சொன்னதும் இன்னும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உடையாத நாற்காலி ஒன்றை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் உட்கார்ந்தார். பத்து நிமிடம் பாடவேளை முழுவதுமாக நீண்டது. முதலில் விறைத்துப்போய் உட்கார்ந்தார், போட்டோ எடுக்க உட்காருகிற மாதிரி. பிறகு மறந்துவிட்டார். ஆள் மறந்துபோகிற அந்த நேரத்தில்தான் தோள் எப்படி இறங்குகிறது, முழங்கை எங்கே ஓய்கிறது, ஸ்வெட்டரின் மடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் தெரியும். சித்திரத்தாள் கிடைக்காத காலம் அது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்தேன். முடிந்ததும் காட்டுவேன். "நல்லாயிருக்கு பிள்ளை. என்ர மூக்கு இவ்வளவு பெரிசோ?" என்பார். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கும். அந்த நாட்களில் பஸ்ஸுக்கு இறங்குகிற படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. போன் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கதைத்தார். அந்தப் பக்கம் அக்கா குழந்தையிடம், "ஆர் கதைக்கினம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?" என்று கேட்டார். குழந்தை திரையைப் பார்த்தது. "போன் அன்ரி" என்றது. அக்கா அவசரமாகச் சிரித்து, "இல்லைக் குஞ்சு, அம்மா, அம்மா" என்றார். குழந்தை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இதுதான் அம்மா" என்றது.

டீச்சர் இன்னும் கொஞ்சம் பேசினார். சாப்பிட்டதா, காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். "கீறும்" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் வரையத் தொடங்கினேன். வரையக் கூடாது என்று எனக்குத் தெரியும். பென்சிலை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கவேண்டும், அல்லது எழும்பி வெளியே போயிருக்கவேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. கை ஓடிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் எனக்குப் பிடிபடாத கழுத்து அன்று ஒரே கோட்டில் வந்தது. கீழுதட்டைப் பல்லால் பிடித்திருந்தது வந்தது. மடியிலிருந்த போனைத் தொடாமல், அதற்கு மேலே கொஞ்சம் விலகி நின்ற கை வந்தது. மழைச் சத்தத்தில் அவர் அழுதது எனக்குக் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தேன். அதையும் வரைந்தேன். மணி அடித்தபோது என் முன்னால் இருந்தது, நான் வரைந்ததிலேயே நல்ல படம்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து, பழக்கத்தில் கையை நீட்டினார். கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நான் அழேக்க நீர் பாத்துப் பாத்துக் கீறிக்கொண்டோ இருந்தனீர்?"

"டீச்சர்…"

"இதை ஏன் கீறினீர்?"

படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது. அடுத்த பாடவேளைக்கு நான் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. மைதானத்தின் ஓரத்தில், தண்ணித் தாங்கியின் மேல் ஏறி நின்றுகொண்டு, குடையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக் கதைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எப்படியோ அங்கேயும் கொஞ்சம் சிக்னல் கிடைத்திருந்தது. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். கோபமாக இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு கடிதம் எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். "ஒருத்தங்க அழுதா நீ பக்கத்துல போய் உக்காந்திருக்கணும். படமா வரைவாங்க?"

"சோதனைக்கும்மா."

"சோதனைக்குன்னாலும்தான்."

மறுநாள் தாங்கியடிக்குப் போனேன். அவர் கதைத்து முடிக்கும்வரை தள்ளி நின்றேன்.

"டீச்சர், மன்னிச்சுக்கங்க. நான் தெரிஞ்சேதான் வரைஞ்சேன். நிப்பாட்ட முடியல."

அவர் இறங்கி வந்தார். "கோவமில்லைப் பிள்ளை. நான் அப்பிடி இருக்கிறன் எண்டு எனக்கே தெரியாது. அதான்." போனைக் கைப்பைக்குள் போட்டார். "அந்தப் படம் இருக்கோ?"

"இருக்கு. கிழிச்சிரவா டீச்சர்?"

"வேண்டாம். என்னட்டத் தாரும்."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். இரண்டாக மடித்து, மறுபடி நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பரீட்சைக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் பழகவேண்டும் என்று ஒரு பக்கம் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அப்படி நினைத்தேன் என்பதை மறைப்பதில் என்ன இருக்கிறது.

அந்தத் தவணை முடிந்ததும் விடுமுறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இடமாற்றம் கிடைத்ததென்று சிலர் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டார் என்றும் சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக அவருக்கு ஒரு கடமையும் இல்லை. ஆனால் முதல் ஒன்றரை வருடம் அந்த அறையில் தனியாக இருந்ததற்கும் அதற்குப் பிறகு தனியாக இருந்ததற்கும் வித்தியாசம் இருந்தது. முன்பு ஜன்னலோரம் வெறும் இடம். இப்போது அங்கே ஆள் இல்லாத நாற்காலி. அதை எடுத்து மூலையில் மேளத்தின் மேல் கவிழ்த்து வைத்தேன். அப்புறமும் கண் அங்கேயே போனது.

செய்முறைப் பரீட்சை ஹட்டனில் ஒரு சிங்களப் பாடசாலையில் நடந்தது. மண்டபத்தில் முப்பது பேர் அளவில் இருந்தார்கள். தமிழ் மொழி மூலம் நான் ஒருத்திதான். எனக்குரிய வினாத்தாளைத் தனியாக ஓர் உறையில் கொண்டுவந்து தந்தார்கள். ஆரம்பிக்கச் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வரையத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. முப்பது பென்சில்கள் தாளில் உரசுகிற சத்தம். ஒரு பென்சிலின் சத்தம் மட்டுமே எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மழை நாளில் ஒரு சந்தை என்பது எனக்கு வந்த தலைப்பு. நான் வரைந்ததில் நின்றவர்கள் யாரும் சரியாக நிற்கவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் நன்றாக வந்தாள். என் பட்டைத் தூரிகையில் மயிர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, "மேக்க கன்ன", இதை எடுத்துக்கொள், என்று சிங்களத்தில் சொல்லித் தன்னுடையதை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் இருவரும் படியில் உட்கார்ந்து அவளுடைய பணிஸைப் பிய்த்துச் சாப்பிட்டோம். என் டீச்சர் யார் என்று சிங்களத்தில் கேட்டாள். "டீச்சர் நே" என்றேன். எனக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் மெதுவாகக் கேட்டாள். நான் இன்னும் மெதுவாக, டீச்சர் இல்லை என்றேன். பிறகு கூடப் படிக்கிற பிள்ளைகள் எங்கே என்று கேட்டாள். அவளுடைய நண்பிகள் வந்து கூப்பிட்டதால் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெறுபேறு வந்தபோது சித்திரத்துக்கு 'பி'. மற்ற இரண்டு பாடங்களும் அவ்வளவு சொல்லும்படியாக இல்லை. கெம்பஸில் இடம் கொஞ்சத்தில் தவறிவிட்டது.

"'பி'ன்னா நல்லதா?" என்று அம்மா கேட்டார்.

"நல்லதுதான்."

மறுநாள் கொழுந்து மலையில் "என் மகளுக்குப் படத்துல 'பி'" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மாலையில் இரண்டு அக்காமார் எங்கள் வாசலுக்கு வந்து, "சாமி படம் வரைஞ்சு தருவியாம்மா?" என்று கேட்டார்கள். வரைந்து கொடுத்தேன்.

இப்போது ஹட்டனில் ஒரு கடையில் பதாகைகள் வடிவமைக்கிறேன். சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. கம்பியூட்டரில்தான் வேலை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம் பள்ளிக்கூடத்தில் சித்தியடைந்தவர்களைப் பாராட்டும் கூட்டம் வைத்தார்கள். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். அதிபர் ஒவ்வொரு பாடமாக எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை வீதம் சித்தி என்று வாசித்துக்கொண்டு வந்தார். தமிழ், இந்து நாகரிகம், அரசியல். ஒன்றுக்கும் முழுச் சித்தி இல்லை. கடைசியில் தாளைத் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எத்தனை பேர் என்பதை மட்டும் வாசிக்காமல், "சித்திரம், நூறு வீதம்" என்றார்.

மண்டபமே கைதட்டியது. பின்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் யார் அவர்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். நானும் கைதட்டினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கூட்டமாகக் கேக் சாப்பிடப் போனார்கள். நான் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன், பிற்பகல் வேலைக்கு நேரமாகியிருந்தது.